ஃபைன் கட்டிவிடலாமா, கேஸ் நடத்தலாமா? ஒரு லாரி டிரைவர் கேள்வியின் 150 வருடக் கதை

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் வேலூருக்குச் சற்று முன்னால் வருவது சத்துவாச்சாரி. பழைய ஆட்கள் இந்த ரோட்டை இன்னமும் என்.ஹெச். 46 என்பார்கள். 2010-ல் எண்களை மாற்றியபிறகு அது 48. கலெக்டர் ஆபீஸ், மாவட்ட நீதிமன்றம் இரண்டும் இங்கேதான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமிருந்து தோலும் ஷூ பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகம் போகும் லாரிகள் கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. அவற்றில் ஒன்று எங்காவது இடித்துவிட்டால், அதை ஓட்டியவர் இதே இடத்துக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டியிருக்கும்.

அப்போது அவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஓனரிடமிருந்து வரும். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வாப்பா, லோடு நிக்குது." இது நல்ல அறிவுரையா? சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரே வரியில் பதில் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி எப்படி உருவானது என்று வரலாற்றைப் பார்த்தால் பதில் கொஞ்சம் தெளிவாகிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வேடிக்கை. விபத்து நடந்ததும் எஃப்.ஐ.ஆரில் பல காலம் எழுதப்பட்டு வந்த 279, 304ஏ பிரிவுகள் மோட்டார் வண்டிக்காக எழுதப்பட்டவையே அல்ல. இந்திய தண்டனைச் சட்டம் 1860-ஐச் சேர்ந்தது. அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பதைச் சொல்லும் 304ஏ, 1870-ல் சேர்க்கப்பட்டது. ஜெர்மனியில் பென்ஸ் தன் காரை ஓட்டிக் காட்டியதே 1880-களில்தான். அதாவது குதிரை வண்டிக்காரனையும் மாட்டு வண்டிக்காரனையும் மனதில் வைத்து எழுதிய வரிகளை வைத்து, பத்து சக்கர லாரி ஓட்டுபவரை நூறு வருடத்துக்கும் மேலாக விசாரித்திருக்கிறோம்! 279-க்கு அதிகபட்சம் ஆறு மாதம் அல்லது 1000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 304ஏ-க்கு இரண்டு வருடம்.

மோட்டாருக்கென்று தனிச் சட்டம் 1914-ல் வந்தது. விரிவான சட்டம் 1939-ல். இந்த 1939 சட்டத்தில்தான் நம் கதைக்கு முக்கியமான ஒரு வசதி இருந்தது, 130-வது பிரிவு. சின்னக் குற்றமென்றால் கோர்ட்டுக்கு நேரில் வர வேண்டாம், தபாலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு சம்மனில் சொன்ன பணத்தை அனுப்பிவிடலாம். கோர்ட்டுக்கும் வேலை மிச்சம், டிரைவருக்கும் ஒரு நாள் கூலி மிச்சம். 1988 சட்டத்தில் இதுவே 208-வது பிரிவாகத் தொடர்கிறது. பணம் கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்காக மேல் நடவடிக்கை கிடையாது, ஒப்புக்கொண்டதை மட்டும் காரணமாக வைத்து லைசென்ஸைத் தகுதி நீக்கம் செய்வதும் கிடையாது என்று சட்டமே சொல்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "அந்தக் குற்றத்துக்காக" என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். பெட்டி கேஸில் பணம் கட்டியதால் தண்டனைச் சட்டப் பிரிவில் போட்ட கேஸ் தானாகக் காணாமல் போய்விடாது. மோட்டார் வாகனச் சட்டம் இருக்கும்போது தண்டனைச் சட்டத்திலும் வழக்குப் போடலாமா என்ற கேள்வி அருணாசலப் பிரதேசத்திலிருந்து உச்சநீதிமன்றம் வரை போனது. இரண்டு சட்டத்தின் கீழும் வழக்கு நடத்தலாம் என்று 2019 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஆகவே கையில் இருக்கும் காகிதம் எந்தப் பிரிவில் என்று படிக்காமல் "ஒத்துக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிடுவது ஆபத்து.

அடுத்த சிக்கல் நஷ்டஈடு. விபத்தில் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸிலிருந்து பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கட்டாயக் காப்பீடு 1946-லிருந்து நடைமுறைக்கு வந்தது. அதை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயங்கள் 1956 திருத்தத்தில் வந்தன. இப்போது கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் சொன்ன "ஆமாம்" இங்கே வந்து என்ன ஆகும்?

இங்கிலாந்தில் இதே கேள்வி 1943-ல் வந்தது (ஹாலிங்டன் வழக்கு). கவனமின்றி ஓட்டினார் என்று கிரிமினல் கோர்ட் ஒரு டிரைவரைத் தண்டித்திருந்தது. அந்தத் தண்டனையை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாகக் காட்டக்கூடாது, மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும் என்றது அப்பீல் கோர்ட். இது அநியாயம் என்று பலர் சொல்லச் சொல்ல, 1968-ல் பாராளுமன்றமே சட்டம் போட்டு அதை மாற்றியது. நம் ஊரில் கதை வேறு. தீர்ப்பாயத்தை கிரிமினல் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் டிரைவர் தன் வாயால் ஒப்புக்கொண்டிருந்தால், அதை அவரே சொன்ன ஒப்புகையாக எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டலாம். அது முடிந்த முடிவு இல்லை, விளக்கம் கொடுக்கலாம். ஆனால் லோடு நின்றதால் ஒத்துக்கொண்டேன் என்ற விளக்கத்தை எந்த நீதிபதி எளிதில் ஏற்பார்?

தலைகீழாகவும் நடக்கும். 1980-ல் உச்சநீதிமன்றம் தீர்த்த என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு பேருந்து சம்பந்தப்பட்டது. இரவில் தாழ்ந்து தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் பஸ் பட்டு எட்டுப் பேர் அங்கேயே இறந்தார்கள். இது தெய்வச் செயல் என்று கிரிமினல் கோர்ட் டிரைவரை விடுதலை செய்துவிட்டது. ஆனாலும் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்றார் நீதிபதி கிருஷ்ண ஐயர். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது ஒரு அளவுகோல், நஷ்டஈட்டுக்குத் தேவையானது அதைவிடச் சின்ன அளவுகோல். இதை நான் முக்கியமாகச் சொல்லக் காரணம், "டிரைவர் கேஸ் நடத்தினால் செத்தவன் குடும்பத்துக்குப் பணம் வராது" என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. டிரைவர் ஜெயித்தாலும் அந்தக் குடும்பம் ஜெயிக்கலாம்.

சரி, நடத்தினால் டிரைவருக்கு என்ன லாபம்? கர்நாடகத்து லாரி வழக்கு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். 1982 நவம்பர் 25 காலை, ஆட்களை ஏற்றிவந்த லாரி ஓர் ஓடையைக் கடக்கும்போது கவிழ்ந்தது. 15 பேர் சாவு, 18 பேருக்குக் காயம். விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, அப்பீலிலும் தண்டனை நின்றது. உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அரசு விடவில்லை, உச்சநீதிமன்றம் போனது. 1998-ல் அங்கும் விடுதலையே உறுதியானது. சாட்சிகள் எல்லோரும் "ஹை ஸ்பீடு" என்றார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. வேகம் என்ற ஒரு வார்த்தை மட்டும் அஜாக்கிரதையை நிரூபிக்காது, விபத்து நடந்தது என்பதை வைத்தே குற்றம் என்று ஊகிக்கவும் கூடாது என்றது கோர்ட். வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை, அவர் ரிப்போர்ட்டும் ஃபைலில் இல்லை!

என்னைக் கேட்டால் இந்தத் தீர்ப்பில் டிரைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கடைசி விஷயம்தான். எம்.வி.ஐ. ரிப்போர்ட்டில் பிரேக் வேலை செய்ததா, இடி வாங்கிய இடம் எது. மகஜரில் வண்டி ரோட்டின் எந்தப் பக்கம் நின்றது. ரஃப் ஸ்கெட்ச்சில் டயர் தேய்ந்த தடம் எவ்வளவு நீளம். கேஸ் இவற்றில்தான் இருக்கிறது. ஒத்துக்கொண்டால் இந்தக் காகிதங்களை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் 1982-லிருந்து 1998 என்றால் 16 வருடம். 15 பேரை இழந்த வீடுகளுக்கும் அதே 16 வருடம். இதை மறந்துவிட்டு டிரைவர் பக்கம் மட்டும் பேச எனக்கு மனமில்லை. உச்சநீதிமன்றமே 2000-ல், ஒரு ஹரியானா வழக்கில், உயிர் போன கேஸில் டிரைவருக்கு நன்னடத்தை விடுவிப்பு கொடுக்க முடியாது, மற்றவர்களுக்குப் பயம் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. ஓவர்டேக் பண்ணும்போது தப்பு தன்னுடையது என்று தெரிந்தவர் வருடக்கணக்கில் வாய்தா வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே என் கருத்து இது. யாருக்கும் அடிபடவில்லை, லைட் எரியவில்லை, பேப்பர் இல்லை என்ற மாதிரி கேஸ், குற்றமும் உண்மை என்றால் கட்டிவிட்டுப் போகலாம். காயமோ மரணமோ இருந்து, தப்பு தன்மேல் இல்லை என்று டிரைவருக்கு உறுதியாகத் தெரிந்தால், வக்கீல் இல்லாமல் ஒப்புக்கொள்ளவே கூடாது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. லைசென்ஸைப் பறிக்க 19-வது பிரிவில் நோட்டீஸ் வந்தால் அது தனிக் கதை. அங்கேயும் டிரைவர் தரப்பைக் கேட்டுத்தான் உத்தரவு போட வேண்டும், உத்தரவு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வண்டி ஓட்டத் தவிர வேறு தொழில் தெரியாதவருக்கு மூன்று மாத லைசென்ஸ் நிறுத்தம், 5000 ரூபாய் ஃபைனைவிடப் பெரிய அடி.

இந்தக் கேள்வியின் எடை இப்போது கூடியிருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(2) என்று ஒரு பிரிவு. ஆளைக் கொன்றுவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்ட்ரேட்டுக்கோ சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை சிறை. 2024 ஜனவரி முதல் வாரத்தில் வடமாநில லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் பத்து வருடமா என்பது அவர்கள் கேள்வி. ஜனவரி 2-ம் தேதி மத்திய உள்துறைச் செயலாளர் லாரி சங்கத்தோடு பேசி, கலந்து ஆலோசிக்காமல் அமல்படுத்த மாட்டோம் என்றார். சட்டம் ஜூலை 1, 2024-ல் நடைமுறைக்கு வந்தபோது 106(2) மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கு மேலே இருக்கும் 106(1) பற்றி அந்தக் கூச்சலில் அதிகம் பேச்சு எழவில்லை. ஓடாமல் அங்கேயே நின்ற டிரைவருக்கும் பொருந்துகிற பிரிவு அது. 1870-லிருந்து இரண்டு வருடமாக இருந்த தண்டனை அதில் ஐந்து வருடம். அது அன்றைக்கே அமலுக்கு வந்துவிட்டது.