'இன்அக்யூரேட்' என்னும் ஆங்கிலச் சொல்: பொருள் வரலாறும் தமிழாக்கமும்

ஆங்கிலத்தில் 'இன்அக்யூரேட்' என வழங்கும் சொல்லைத் தமிழாக்குவோர், 'பிழையான', 'துல்லியமற்ற', 'கவனமற்ற' என்பவற்றை வேறுபாடின்றி ஆள்கின்றனர். ஒரு சுவடியையோ கல்வெட்டுப் படியையோ மதிப்பிடுமிடத்து இம்மூன்றும் ஒன்றாகா. ஆதலின், அச்சொல்லின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இச்சொல் இலத்தீன் வழிப்பட்டது. அம்மொழியில் 'கூரா' என்பது கவனம், பேணுதல் எனப் பொருள்படும். அதனடிப் பிறந்த 'அக்கூராத்துஸ்' என்பது 'கருத்தூன்றிச் செய்யப்பட்டது' என்னும் பொருளது. எனவே, தொடக்கத்தில் அச்சொல் செய்பொருளின் உண்மையை நோக்கியதன்று. செய்வோரின் முயற்சியை நோக்கியதே. 'அக்யூரேட்' 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் பயின்றது. அதன் எதிர்மறை 18ஆம் நூற்றாண்டில் வழக்கூன்றியது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, 'அக்யூரேட்' என்பதை ஆளுக்குரியதென்றும் பொருளுக்குரியதென்றும் பிரித்துக் காட்டுகின்றது. ஆளிடத்து அது கவனக்குறைவுக்கும் அறியாமைக்கும் மறுதலை, பொருளிடத்துக் குறையின்மை. பழம்பொருளும் புதுப்பொருளும் அருகருகே நிற்றலை இங்குக் காண்கின்றோம். பின்னர்ப் புதுப்பொருளே மேலோங்கிற்று. இன்று 'இன்அக்யூரேட்' என்பது பெரும்பாலும் உண்மையினின்று விலகியதையே சுட்டும். செய்தவர் கவனமற்றவர் என அச்சொல்லளவிற் துணிதல் இயலாது.

இதனோடு மயங்குவது 'இம்பிரிசைஸ்' என்பது. அதன் அடியாகிய இலத்தீன் வினைக்கு வெட்டுதல் என்பது பொருள். 'பிரிசைஸ்' என்பது நறுக்கி வரையறுத்ததாம். ஒரு தராசு ஒரே பொருளைப் பன்முறை நிறுப்பினும் ஒரே எடையைக் காட்டி, அவ்வெடை உண்மையினும் மிக்கிருப்பின், அது 'பிரிசைஸ்' எனப்படும், 'அக்யூரேட்' எனப்படாது.

இனித் தமிழ்ச் சொற்களை நோக்குவோம். 'துல்லியம்' என்பது ஒப்பு எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது. துலாக்கோலைக் குறிக்கும் 'துலை'யோடு உறவுடையது. ஆதலின் அளவு பற்றிய விலக்கத்தைத் 'துல்லியமின்மை' என்றல் பொருந்தும். இலக்கண நூலார் ஆளும் 'வழு' என்பதோ நெறியினின்று நழுவுதல். திணை, பால், இடம், காலம், மரபு, வினா, விடை என அதனை எழுவகையாகப் பகுத்ததோடு, தக்க காரணம் உளதாயின் 'வழுவமைதி' எனவும் கொண்டனர். குற்றங்காணுமுன் காரணங்காண்டல் நம் மரபு என்பது இதனாற் போதரும்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. சிதைந்த மூல ஏட்டை எழுத்துப் பிறழாது படியெடுத்த ஒருவரை எண்ணுக. அவர் படியிற் பிழை உண்டு. அவர் பணியிற் கவனமின்மை இல்லை. அப்படியைக் 'கவனமற்ற படி' என்று பதிப்புரையில் எழுதுவோமாயின், தம் தரப்பை எடுத்துரைக்க இயலாத ஒருவர்மீது பழி சுமத்தியவராவோம். அதுமட்டுமன்று, மூல ஏட்டின் சிதைவை உள்ளவாறே காட்டும் சான்று ஒன்றையும் புறந்தள்ளியவராவோம்.

ஆகவே, செய்தி உண்மைக்கு மாறாயின் 'பிழை' என்றும், அளவு விலகின் 'துல்லியமின்மை' என்றும், செய்வோர் பேணாமை தெளிவாயின் மட்டும் 'கவனமின்மை' என்றும் வழங்குதல் தக்கது என்பது எம் துணிபு.