மின்வலைக்கு வெளியே எழுந்த ஒலி

மட்டக்களப்பு வாவியின் மேற்கே விரியும் படுவான்கரையின் பல ஊர்கள் நெடுங்காலம் மின்வலைக்கு வெளியே இருந்தன. இந்நிலையை வெறும் இல்லாமையாக மட்டும் கணித்தல் வரலாற்று நோக்குக்குப் பொருந்தாது என்பது எமது கருத்தாகும்.

அவ்வூர்களில் கூத்துக் களரியே பேரொலியின் நிலைக்களன். மத்தளமும் சல்லரியும் அண்ணாவியாரின் குரலும் பிற்பாட்டும் விடியும்வரை ஒலித்தன. அவ்வொலிக்கு விசை மனித உடலே.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், வாவி கடந்து செல்லும் எரிபொருள் முதலியன கட்டுப்படுத்தப்பட்டன. அதே காலத்தில் மின்சாரமிழந்து, மின்கலங்களுக்கும் தடை விதிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் உடலுழைப்பு இயந்திர ஒலிக்கே விசையாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவினால் வானொலியை இயக்கினர். டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ற்று, நான்கு 1.5 வோல்ற்று மின்கலங்களின் அழுத்தமும் அதுவே. ஆயின் டைனமோவிலிருந்து வருவது ஆடலோட்டம். இருவாயிகளால் அதனை நேரோட்டமாக்க வேண்டும். சுழற்றும் கை தளர்ந்தால் வானொலியின் குரலும் தளரும். ஒருவர் சுழற்றப் பலர் செய்தி கேட்டனர்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பேராதனை அரங்கிற்குக் கொணர்ந்தார். கிராமத்துக் கலை அறிவு ஆய்வுக்குரியதென்பது அதனால் வலுப்பெற்றது. கிராமத்துத் தொழினுட்ப அறிவும் அத்தகைய மதிப்புக்கு உரியதே. தடை விதித்தோரின் ஆணைகள் ஆவணங்களில் உள்ளன. சக்கரம் சுழற்றிய கைகளின் அறிவோ முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளது. வாவியின் இரு கரைகளிலும் அதனைத் திரட்டுவது நமது கடனாகும்.