மூன்று வெட்டு பிறந்த கதை

சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய சாலைகளில் மிச்சமிருக்கும் புளியமரங்களை அண்ணாந்து பாருங்கள். எப்போதோ பெரிய கிளையைக் கழித்த இடத்தில் சிலவற்றில் பொந்து விழுந்திருக்கும். அதற்குக் கீழே பட்டை உரிந்த நீளத் தழும்பு. மேலிருந்து ஒரே வெட்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

மேலிருந்து பாதி அறுத்ததுமே கிளை தன் பாரத்தில் சாய்ந்துவிடும். அடியில் அறுபடாத நார் லேசில் விடாது. பட்டையோடு அடிமரம் வரை கிழித்துக்கொண்டு வரும். 30 செ.மீ. விட்டமும் 4 மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கிளை சுமார் 280 கிலோ இருக்கும். அவ்வளவு பாரமும் கிழிந்த நாரில் தொங்கி அடிமரத்தின் பக்கம் ஆடி வரும்போது, அங்கே கால் ஊன்றி நிற்பவர் வெட்டுகிறவர்தான்.

இதைத் தடுக்கத்தான் கீழ்வெட்டு வந்தது. முதலில் அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுப்பது. அதற்கு மேல் போனால் கிளை அமுங்கி வாளைக் கவ்விக்கொள்ளும். இரண்டாவதாக, இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து அறுப்பது. கிழிசல் கீழ்வெட்டு வரை வந்து நின்றுவிடும். கிளை முறிந்து விழும். தோட்டக்காரர்களுக்கு இது நெடுங்காலப் பழக்கம்.

மிஞ்சிய கட்டையை எந்த இடத்தில் அறுப்பது என்பதில்தான் தகராறு. 1860களில் பிரான்ஸில் தெ கார் என்ற பிரபு, அடிமரத்தோடு ஒட்டச் சீவி, காயத்தில் கீல் பூசச் சொன்னார். அவருடைய நூல் 1881இல் அமெரிக்காவில் ஆங்கிலமானது. பார்வைக்குச் சுத்தமான வேலை. நூறாண்டுக்கு மேல் அதுவே சரி என்று ஓடியது.

அதைக் கவிழ்த்தவர் அலெக்ஸ் ஷைகோ. 1959இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்த ஆய்வாளர். மற்றவர்கள் மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்த காலத்தில், அவர் மெஷின் ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தார், ஆயிரக்கணக்கான மரங்களை. மரத்தின் காயம் நம் புண்ணைப் போல ஆறுவதில்லை, மரம் அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைக்கிறது என்று 1977இல் விளக்கினார். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போலப் புடைத்திருக்கிறதே, அந்தச் சுவருக்கு அதுதான் காவல். ஒட்டச் சீவினால் அதுவும் போய்விடுகிறது. கீல் பூசினாலும் அழுகல் நிற்பதில்லை என்பதும் அவர் சோதனையில் தெரிந்தது. ஆக, மூன்றாவது வெட்டு புடைப்புக்குச் சற்று வெளியே, புடைப்பைத் தொடாமல். முளைக்குச்சி போலக் கட்டையை நீட்டி விடுவதும் தப்பு. அது செத்து, அழுகலுக்கு வழியாகும்.

அமெரிக்க மேப்பிளைப் பிளந்து கண்டது நம் ஊர் வேம்புக்கும் வாகைக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். சுவர் எழுப்பும் வேகம் மரத்துக்கு மரம் மாறும். எழுப்பும் முறை ஒன்றுதான்.

மேலே ஏறுகிறவருக்கு இந்த மூன்று வெட்டு மட்டும் போதாது. இடுப்பு வாரின் கயிறு, வெட்டும் கிளையில் அல்ல, அதற்கு மேலே உறுதியான அடிமரத்தில் கட்டியிருக்க வேண்டும். வெட்டும்போது இரண்டு பிடிப்பு வேண்டும்; ஒன்று அறுபட்டாலும் மற்றது தாங்கும். தோளுக்கு மேல் ரம்பத்தைத் தூக்கக் கூடாது, ஒற்றைக் கையால் மெஷினை ஓட்டவே கூடாது. கீழே வீடோ வேலியோ இருந்தால் கிளையை வடக்கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அப்போதும் கீழே நிற்பவர் கிளைக்கு நேராக நிற்கக் கூடாது. நம் பக்கம் பலர் அரிவாளோடு வெறுங்காலில் ஏறி, ஒரு கையால் கவையைப் பிடித்துக்கொண்டே வெட்டுகிறார்கள். அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. கயிறு வாங்கித் தராமல் கூலியைக் குறைத்துப் பேசுகிறவர்கள் மீதுதான் கோபம்.

ஆடிக்காற்றுக்கு முன்னால் உங்கள் வீட்டு மரத்தைக் கழிக்க ஆள் கூப்பிடுவீர்கள். கூலி பேசும்போதே இடுப்புக் கயிறு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தும் வரை யாரையும் மரத்தில் ஏற விடாதீர்கள்.