குடவோலையும் மறைச்சாவியும்

லகாட்டில் தம் வீட்டிலிருந்தபடியே ஒருவர் திறன்பேசியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறார். உடனே அக்கருவியும் வங்கியின் கணினியும் தமக்குள் ஒரு மறைச்சாவியை அமைத்துக்கொள்கின்றன. அச்சாவி பிறரால் ஊகிக்க இயலாத எண்களிலிருந்து பிறத்தல் வேண்டும். அத்தகைய எண்ணை எங்கிருந்து பெறுவது? இவ்வினாவின் வேர் மிகப் பழைமையானது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளையொட்டிப் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பெற்றுக் குடத்தில் இடப்பட்டன. அவையோர் அனைவரும் காணக் குடம் உயர்த்திக் காட்டப்பட்டது. உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐவிரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசித்தான். இம்முறையில் இரண்டு நெறிகளைக் காண்கிறோம்: எடுப்பவன் அறியாதிருத்தல் ஒன்று, நிகழ்வதை அவை காணுதல் மற்றொன்று.

கணினியால் முதல் நெறியைத் தானே நிறைவேற்ற இயலாது. அது விதிப்படி இயங்குவது. தொடக்க எண்ணை அறிந்தவர் பின்வரும் எண்களையெல்லாம் கணித்துவிடலாம். 1995இல் இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்னும் இருவர், நெட்ஸ்கேப் உலாவியின் சாவிகள் நேரத்தையும் கணினியின் செயல்முறை எண்களையும் கொண்டு உருவாவதைக் கண்டறிந்து, அவற்றை ஊகிக்கலாம் எனக் காட்டினர். 2008இல் டெபியன் இயங்குதளத்தில் வெளிப்பட்ட பிழையோ, ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஏறத்தாழ 32,768 வாய்ப்புகளையே விட்டுவைத்திருந்தது. பூட்டு வலிது, சாவியோ எளிது.

ஆதலின் பொறியாளர் இயற்கையை நாடினர். பிரிட்டனில் சேமிப்புப் பத்திரப் பரிசுகளுக்காக 1957இல் முதற்குலுக்கல் நடத்திய எர்னி என்னும் இயந்திரம், நியான் குழாய்களின் மின்னிரைச்சலிலிருந்து எண்களைப் பெற்றது. போர்க்காலத்தில் பகைவரின் மறைமொழியை உடைக்கக் கொலோசஸ் இயந்திரத்தை அமைத்தோருள் சிலரே இதனையும் அமைத்தனர். 2012இல் இன்டெல் நிறுவனம், வெப்ப இரைச்சலிலிருந்து எண்களைப் பெறும் அமைப்பைத் தன் கணினிச் சில்லுக்குள்ளேயே வைத்தது. குடத்தருகே நின்ற சிறுவனின் பணியை இன்று அவ்விரைச்சல் செய்கிறது.

இரண்டாம் நெறி எளிதில் கைகூடவில்லை. சில்லின் உள்ளே நிகழ்வதை எந்த அவையும் காண இயலாது. 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பின் இவ்வையம் வலுத்தது. சில்லு தரும் எண்ணை நேரே கொள்ளாது, வேறு மூலங்களோடு கலந்தே பயன்படுத்துவதென ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தார் முடிவு செய்தனர். ஒரு மூலம் பழுதாயினும் ஏனையவை காக்கும் என்பதே அதன் கருத்து.

இங்கே சொல்லாய்வும் துணைபுரிகிறது. 'ரேண்டம்' என்பதற்குச் 'சமவாய்ப்பு', 'தற்போக்கு' என்னும் சொற்களை வழங்குகிறோம். 1955இல் ராண்ட் நிறுவனம் பத்து இலட்சம் சமவாய்ப்பு இலக்கங்களை நூலாக அச்சிட்டது. அவை புள்ளியியலுக்குப் பயன்பட்டன. எவரும் படிக்கக்கூடியவை ஆதலால் மறைச்சாவிக்கு உதவா. சாவிக்குச் சமவாய்ப்பு மட்டும் போதாது. பிறர் அறியாமையும் வேண்டும். இவ்விரண்டையும் மாணவர் பிரித்துணரும்படி கற்பித்தல் நம் கடன்.