அச்சுக்கூடப் பறிமுதல் முதல் பிரிவு 118ஏ வரை: திருவனந்தபுரத்தை முன்வைத்து ஊடகமும் பொறுப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எழுத்தை வெளியிடுவோர் யார், அதற்குப் பொறுப்பேற்போர் யார் என்னும் வினா ஊடக வரலாறு முழுவதும் தொடர்ந்து வருவதாகும். அச்சு ஊடகம் இவ்வினாவிற்கு ஒரு தெளிவான விடையைத் தந்தது. இணையமும் சமூக ஊடகங்களும் அவ்விடையைக் கலைத்துவிட்டன. இம்மாற்றம் அரசியல், சட்டம், வணிகம் ஆகிய மூன்று துறைகளில் விளைத்த தாக்கத்தைத் திருவனந்தபுரத்தின் வரலாற்றுப் பின்னணியில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சுக்காலத்தில் பொறுப்பு

வக்கம் மௌலவி 1905ஆம் ஆண்டு தொடங்கிய 'சுதேசாபிமானி' என்னும் மலையாள இதழுக்கு 1906இல் கெ. இராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியரானார். திருவிதாங்கூர் ஆட்சியையும் திவான் பி. இராஜகோபாலாச்சாரியையும் அவ்விதழ் கடுமையாக விமர்சித்தது. 1910 செப்டம்பர் 26 அன்று மன்னர் ஸ்ரீமூலம் திருநாளின் ஆணையால் இதழ் தடைசெய்யப்பட்டது. இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பெற்ற அச்சு இயந்திரம் பறிமுதலாயிற்று. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டுக் காவலருடன் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பப்பட்டார். அவர் 1916இல் கண்ணூரில் மறைந்தார். 1938இல் திவான் சி.பி. இராமசாமி ஐயர் காலத்தில் கோட்டயத்து 'மலையாள மனோரமா'வும் மூடப்பட்டது.

இந்நிகழ்வுகள் அடக்குமுறையின் சான்றுகளாகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றுள் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. அச்சு ஊடகத்திற்கு ஓர் இடம், ஓர் இயந்திரம், ஓர் ஆசிரியர், ஓர் உரிமையாளர் இருந்தனர். யாரைத் தண்டிப்பது என்பதில் அரசுக்கு ஐயம் எழவில்லை. விடுதலைக்குப் பின்னும் இதே அடிப்படை தொடர்ந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 127ஏ பிரிவு, தேர்தல் துண்டறிக்கைகளில் அச்சிட்டோர், வெளியிட்டோர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இடம்பெற வேண்டும் என வலியுறுத்துகின்றது. பெயரே பொறுப்பின் அடையாளமாயிற்று எனலாம்.

அரசியல் களம்

2009இல் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியிலிருந்து முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சசி தரூர், ட்விட்டரைத் தொடக்கத்திலேயே பயன்படுத்திய இந்திய அரசியலாளருள் ஒருவர். அதே ஆண்டு செப்டம்பரில் விமானப் பயணம் குறித்து அவர் எழுதிய ஒரு சிறு பதிவு நாடு தழுவிய சர்ச்சையானது. பத்திரிகையாளரின் இடையீடின்றி அரசியலாளர் மக்களிடம் நேரே பேசும் முறையின் வாய்ப்பையும் இடரையும் அது ஒருங்கே காட்டியது.

இப்புதிய களத்தைத் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபர் 25ஆம் நாளிட்ட அறிவுறுத்தல்களால் நெறிப்படுத்த முற்பட்டது. வேட்பாளர் தம் சமூக ஊடகக் கணக்குகளை உறுதியாவணத்தில் தெரிவிக்க வேண்டும். சமூக ஊடக அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்று பெற வேண்டும். அவற்றின் செலவைத் தேர்தல் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பன அவற்றின் சாரம். துண்டறிக்கையில் பெயர் கேட்ட பழைய விதியின் நீட்சியாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

சட்டக் களம்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பெற்ற 66ஏ பிரிவு வேறொரு வழியை மேற்கொண்டது. பிறருக்கு எரிச்சலோ இடையூறோ விளைவிக்கும் செய்திகளை அனுப்புதல் அதன்படி குற்றமாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் இதனை ஒத்ததே. 'எரிச்சல்' என்னும் சொல்லுக்கு வரையறை இல்லை. ஒருவருக்கு எள்ளலாகத் தோன்றுவது மற்றொருவருக்கு எரிச்சலாகத் தோன்றும். எள்ளலையும் அங்கதத்தையும் வகைப்படுத்திப் பயின்ற இலக்கிய மாணவர்க்கு இது புதிதன்று. 2015 மார்ச் 24 அன்று சிரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் ஜே. செலமேஸ்வர், ஆர்.எஃப். நரிமன் ஆகியோர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு இவ்விரு பிரிவுகளையும் அரசமைப்புக்கு முரணானவை எனத் தள்ளுபடி செய்தது.

எனினும் சிக்கல் தீரவில்லை. 2020 செப்டம்பரில், யூடியூபில் பெண்களை இழிவுபடுத்திய ஒருவரைத் திருவனந்தபுரத்தில் பெண்கள் சிலர் நேரில் சென்று எதிர்கொண்டனர். இணைய இழிமொழிக்கு எதிராகச் சட்டம் வலுவாக இல்லை என்னும் குரல் எழுந்தது. அவ்வாண்டு நவம்பர் 21 அன்று ஆளுநர் ஒப்புதலுடன் காவல் சட்டத்தில் 118ஏ பிரிவு அவசரச் சட்டமாகச் சேர்க்கப்பட்டது. மூன்றாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்பது அதன் தண்டனை. எதிர்ப்பு வலுத்ததால் இரண்டே நாளில் அரசு அதனைச் செயற்படுத்துவதில்லை என அறிவித்து, பின்னர் திரும்பப் பெற்றது. பெண்களின் துயரம் உண்மையானது. அதற்கு மருந்தாக வந்த சொற்களின் எல்லையின்மையும் உண்மையானது.

இதற்கிடையில் 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர்நீதிமன்றம், கைப்பேசிக் கட்டுப்பாட்டை ஏற்காததால் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கில், இணைய அணுக்கம் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் இணைந்தது எனத் தீர்ப்பளித்தமையும் நினைவிற்குரியது.

வணிகக் களம்

செய்தித்தாளில் விளம்பரம் செய்தியினின்றும் கட்டம் கட்டிப் பிரிக்கப்படும். சமூக ஊடகத்தில் நண்பரின் பரிந்துரையும் விலைபெற்ற பரிந்துரையும் ஒரே தோற்றத்தில் வருகின்றன. இதன் பொருட்டு நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளம்பரக் கூற்று எம்மொழியில் உள்ளதோ அம்மொழியிலேயே அதற்குரிய பொறுப்புத் துறப்பும் அமைய வேண்டும் என்னும் நெறி தமிழ் நுகர்வோர்க்கு மிகவும் பயனுடையது. 2023 ஜனவரியில் வந்த மற்றொரு வழிகாட்டி, பொருளோ பணமோ பெற்றுப் பரிந்துரைப்போர் அவ்வுறவைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றை ஒப்புநோக்கின் ஒரு பாகுபாடு புலனாகின்றது. வேட்பாளர் கணக்கு, விளம்பரச் செலவு, பெற்ற ஊதியம் ஆகியவற்றை வெளிப்படுத்தக் கோரிய நெறிகள் நிலைபெற்றுள்ளன. வரையறையற்ற சொற்களைக் கொண்டு தண்டிக்க முயன்ற 66ஏ, 118(டி), 118ஏ ஆகியவை வீழ்ந்தன.

எனினும் எல்லாரிடமும் பெயர் கேட்பதே தீர்வெனக் கொள்ளுதல் பொருந்தாது. செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் வசதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் பெரிய செய்தியனுப்பு நிறுவனங்களைப் பணித்தன. வாட்ஸ்அப் நிறுவனம் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. பெயர் தெரிந்திருந்தமையாலேயே இராமகிருஷ்ண பிள்ளை எல்லை கடத்தப்பட்டார் என்பதை இவ்விடத்து மறத்தலாகாது. வாக்குக் கேட்போரும் பொருள் விற்போரும் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும்; ஆட்சியை விமர்சிக்கும் எளியவர்க்கு மறைவு காப்பாதலும் உண்டு. இவ்வேறுபாட்டைப் பேணும் சட்டமே நிலைக்கும். அச்சட்டத்தின் சொற்களை வரையறுக்கும் பணியில் மொழியாய்வாளர்க்கும் பங்குண்டு என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.