ஆர்.என்.ஏ.யின் வேதிக்குறிகளும் மார்பகப் புற்றுநோயும்: ஒரு வரலாற்று நோக்கு

காரைக்காலை அடுத்த தலத்தெருவில் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துவரும் ஒரு பெண்ணுக்குக் கேபசிட்டபைன் மாத்திரை எழுதித் தரப்பட்டால், அது அவர் உடலுக்குள் 5-ஃப்ளூரோயுராசிலாக மாறும். டி.என்.ஏ. பெருகுவதைத் தடுக்கும் மருந்து என்றே பாடநூல்கள் இதை அறிமுகப்படுத்துகின்றன. ஆர்.என்.ஏ.யின் மேலுள்ள வேதிக்குறிகளையும் இது குலைக்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அக்குறிகளை நாளைய சிகிச்சைக்கான புது வாசல் என்று இன்றைய ஆய்விதழ்கள் கொண்டாடுகின்றன. அந்த வாசலைத் தெரியாமலே மருத்துவம் எப்போதோ கடந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆர்.என்.ஏ.யில் நான்கு எழுத்துகளே உண்டு என்ற எண்ணம் 1951-இலேயே ஆட்டம் கண்டது. ஆய்வாளர்கள் கோன், வோல்கின் இருவரும் இனம் தெரியாத ஒரு பொருளை அதில் கண்டனர். பின்னர் சூடோயூரிடின் எனப் பெயர் பெற்ற அதுவே ஐந்தாம் எழுத்து. எழுத்துகளில் நேரும் இத்தகைய வேதி மாற்றங்கள், அதாவது வேதிக்குறிகள், இன்று நூற்றுக்கும் மேல் அறியப்பட்டுள்ளன. ஓலைச்சுவடியில் புள்ளி விடுபட்டால் மெய்யா உயிர்மெய்யா என்று தடுமாறுவோம் அல்லவா, அப்படித்தான் இதுவும்: எழுத்து அதே, வாசிப்பு வேறு.

சார்லஸ் ஹைடல்பெர்கர் குழு 5-ஃப்ளூரோயுராசிலை வெளியிட்டது 1957-இல். மிலான் நகர மருத்துவர் பொனடோனா, 1976-இல் அதை வேறு இரு மருந்துகளோடு சேர்த்து அறுவைக்குப் பின் கொடுத்து, நோய் திரும்புவது குறைவதைக் காட்டினார். அந்தக் கூட்டுமருந்து உலகெங்கும் பரவியது. யுராசிலைப் போலவே இருப்பதால் இம்மருந்து ஆர்.என்.ஏ.க்குள்ளும் புகுந்துவிடுகிறது. அங்கே சூடோயூரிடினை உண்டாக்க வரும் நொதி இதில் சிக்கி முடங்குகிறது. மருந்தின் வீரியத்தில் இதற்கு எத்தனை பங்கு என்ற விவாதம் ஓயவில்லை. பங்கே இல்லை என்பார் இன்று குறைவு.

அடுத்த திருப்பத்துக்கு நம் கரையோடு ஒரு தொடர்பு உண்டு. தலத்தெருவுக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டி வரும் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்தவர் வெங்கி ராமகிருஷ்ணன். அணுவில் புரதம் கட்டும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009-இல் நோபல் பெற்றவர். அவரது கேம்பிரிட்ஜ் ஆய்வகமும் பால் அக்ரிஸ் குழுவும் 2004-இல், லைசின் என்னும் அமினோ அமிலத்தை ரைபோசோமுக்குச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ. தன் வேதிக்குறிகளின் துணையோடு சரியான குறியனை (மூன்றெழுத்துக் குறிச்சொல்லை) இனங்காண்பதைப் படிக வடிவில் காட்டின. புற்றுநோய் அந்த ஆய்வின் நோக்கமே அல்ல. ஆனால் 2016-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகர ஆய்வாளர்கள், கடத்து ஆர்.என்.ஏ.யில் அதே இடத்துக் குறியை இடுவதில் பங்குள்ள எல்ப்3 நொதி மார்பகப் புற்று பரவத் துணைபோவதை எலிகளில் கண்டனர். அடிப்படை அறிவியலுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்போருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

குறிகள் கடத்து ஆர்.என்.ஏ.யில் மட்டுமல்ல; மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.யிலும் உண்டு. அதன் மீத்தைல் குறியான எம்6ஏ, 1974-இல் எலியின் ஈரல்புற்று அணுக்களில் கண்டறியப்பட்டது. பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டு அது கிடப்பில் கிடந்தது. அதை அழிக்கும் எஃப்.டி.ஓ. நொதி 2011-இல் தெரியவந்தது; 2012-இல் குறிகளின் வரைபடம் வந்தது. உடனே ஆய்வுகள் குவிந்தன, குழப்பமும் குவிந்தது. ஆக்சிஜன் குறைந்த மார்பகப் புற்றணுக்களில் ஆல்க்பிஎச்5 நொதி குறியை அழித்து நோயை வளர்க்கிறது என்றது அமெரிக்காவின் செமென்சா ஆய்வுக்குழு (2016). குறியை இடும் மெட்டில்3 நொதிதான் வளர்க்கிறது என்றது 2018-இன் மற்றோர் ஆய்வு. இரண்டும் உண்மையாக இருக்கலாம்: எந்த மரபணுவின் செய்தி, எந்த வகைக் கட்டி என்பதே தீர்மானிக்கும். குறியை மட்டும் குற்றவாளி ஆக்குவது அவசரம்.

மெட்டில்3-ஐத் தடுக்கும் மூலக்கூறு ஒன்று 2021-இல் எலிகளின் ரத்தப்புற்றில் பலன் தந்தது. அவ்வகையைச் சேர்ந்த எஸ்.டி.சி-15 அடுத்த ஆண்டே மனிதரில் முதற்கட்டச் சோதனைக்குப் போனது. மார்பகப் புற்றுக்கு வழக்கமான சிகிச்சையாக இவ்வகை மருந்து எதுவும் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு எந்த மருந்து என்பதை, கட்டியில் ஈ.ஆர்., பி.ஆர். எனும் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் உள்ளனவா என்று பார்க்கும் சோதனைகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

உலகப் புற்றுநோய்க் கணிப்பின்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தனர். இந்த இறப்புகளைக் குறைக்கப் புதிய நொதிமருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மார்பில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால், வலி வரட்டும் என்று நாள் தள்ளாமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.