எழுதாமல் விட்ட வரி: பிஜிபி வழிக்கொள்கையில் இயல்புநிலையின் இடம்

எந்த வழியை ஏற்பது, எதை அறிவிப்பது என்று ரவுட்டருக்குச் சொல்லும் வழிக்கொள்கையை எழுதுவது பொறியாளரின் கைத்திறன் சார்ந்த வேலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. வழி கசிந்தால் பழியும் அவர் தலையில்தான் விழுகிறது. அவர் எதையும் எழுதாதபோது ரவுட்டர் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே முடிவுசெய்து வைத்தவரை யாரும் விசாரிப்பதில்லை. அந்த முடிவும் ஒரு கொள்கையே. பொறியாளர் எழுதும் எந்த வரியையும்விட அதன் வீச்சு பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வலையமைப்புகள் தங்களுக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறையான பிஜிபியில் ஒரு வழியைத் தேர்வது தூரக் கணக்கு அன்று, வணிகக் கணக்கு. வாடிக்கையாளரிடமிருந்து வந்த வழிக்கு, முன்னுரிமையைக் குறிக்கும் உள்விருப்ப எண்ணை உயர்த்தி வைப்பார்கள், ஏனெனில் அந்தப் போக்குவரத்துக்குக் காசு வரும். மேல்நிலை வழங்குநரின் வழிக்கு எண்ணைக் குறைப்பார்கள், ஏனெனில் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். லிக்சின் காவோவும் ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்டும் 2001இல் இந்த வழக்கத்திலிருந்தே ஒரு நிலைத்தன்மை விதியை வரையறுத்தனர். வாடிக்கையாளரின் வழியை எல்லோருக்கும் சொல்லலாம். சக வலையமைப்பிடமும் வழங்குநரிடமும் கற்ற வழியை வாடிக்கையாளருக்கு மட்டுமே சொல்ல வேண்டும். எல்லோரும் இதன்படி நடந்தால், மையக் கட்டுப்பாடு ஏதுமின்றியே இணையம் நிலைபெறும். ஆனால் இந்த விதி அன்று நெறிமுறைக்குள் இருக்கவில்லை. ஒவ்வொரு அண்டை இணைப்பிலும் யாராவது கையால் எழுதினால்தான் உண்டு.

2008 பிப்ரவரி 24 நிகழ்வை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். யூடியூபைத் தடுக்கச் சொல்லி அரசாணை வந்ததும், பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற 256 முகவரிகளுக்குத் தன்னிடமே வழி இருப்பதாக அறிவித்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட /22 தொகுதி. இரண்டும் எதிர்ப்பட்டால் குறுகிய தொகுதியையே ரவுட்டர் பின்பற்றும். நாட்டுக்குள் நின்றிருக்க வேண்டிய அந்த அறிவிப்பு, மேல்நிலை வழங்குநரான பிசிசிடபிள்யூ வழியாக உலகெங்கும் பரவியது. உலகப் பொதுநேரப்படி 18:47க்குத் தொடங்கிய இந்தக் குழப்பத்துக்கு யூடியூப் தானும் /24ஐ அறிவித்து எதிர்வினை காட்டியது 20:07க்கு. பிசிசிடபிள்யூ அந்த வழியைத் திரும்பப் பெற்றபோது 21:01. தணிக்கை ஆணையைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. என் பார்வையில் அது பக்கக் கதை. வெளியனுப்பும் முனையில் ஒரு வடிகட்டி, உள்வாங்கும் முனையில் ஒரு வடிகட்டி, இவற்றுள் ஒன்று இருந்திருந்தாலே விஷயம் எல்லை தாண்டியிருக்காது.

அந்த வடிகட்டி ஏன் இல்லாமல் போகிறது? சிஸ்கோவின் ரவுட்டர் மென்பொருளான ஐஓஎஸ்ஸை அருகில் சென்று பார்ப்போம். அண்டை இணைப்பில் வடிகட்டும் விதிகளின் பட்டியலான ரூட்-மேப் ஒன்றைப் பொருத்திவிட்டால், அதன் வரிகளில் எதற்கும் பொருந்தாத வழி இறுதியில் தானாகவே மறுக்கப்படும். ரூட்-மேப்பே பொருத்தாவிட்டால், வருவதெல்லாம் உள்ளே வரும், சிறந்த வழிகளெல்லாம் வெளியே போகும். பட்டியலுக்குள் மௌனம் என்றால் மறுப்பு. பட்டியலே இல்லாத மௌனம் என்றால் முழுச் சம்மதம். இன்னும் விபரீதமானது ஒன்று உண்டு. ரூட்-மேப் சுட்டும் முகவரிப் பட்டியலின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால், இல்லாத அந்தப் பட்டியல் எல்லாவற்றையும் அனுமதிக்கும் பட்டியலாகவே கொள்ளப்படும். திரையில் வடிகட்டி இருப்பதுபோலத் தெரியும், வேலையில் இராது. இன்னொரு ரவுட்டர் மென்பொருளான ஜூனோஸும் இயல்பாக பிஜிபி வழிகளை ஏற்று, செயலிலுள்ளவற்றை அண்டையர்க்கு அறிவிக்கும். எனவே வடிகட்டி இல்லாமல் போவதைக் கவனக்குறைவு என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிட முடியாது.

2017 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தரநிலை ஆவணம் இந்த இயல்பைத் தலைகீழாக்கியது: வெளி அண்டை இணைப்பில் கொள்கை எழுதப்படாவிட்டால் எந்த வழியையும் ஏற்கவும் கூடாது, அறிவிக்கவும் கூடாது. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அவசரத்தில் இருக்கும் பொறியாளர் 'அனைத்தையும் அனுமதி' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். பழைய நிலையே திரும்பும். போவார்தான். ஆனால் அந்த வரிக்கு எழுதியவர் உண்டு, தேதி உண்டு, தணிக்கை நிரலால் தேடிப் பிடிக்கவும் முடியும். இல்லாத வரியைத் தேடுவது அதைவிடக் கடினம்.

முகவரித் தொகுதிகளின் உரிமையைச் சான்றளிக்கும் ஆர்பிகேஐ வந்தபின் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. அதைக்கொண்டு செய்யும் மூலச் சரிபார்ப்பு, ஒரு தொகுதியை அறிவிக்க யாருக்கு உரிமை என்று பார்க்கும். 2008 போன்ற நிகழ்வை அது பிடித்திருக்கும். உரியவர் அறிவித்த வழியை வாடிக்கையாளர் ஒருவர் ஒரு வழங்குநரிடம் கற்று இன்னொரு வழங்குநரிடம் சொன்னால், மூலம் சரியாகவே இருப்பதால் அது கண்டுகொள்ளாது. 2022இல் ஆர்எஃப்சி 9234 கொண்டுவந்த, வாடிக்கையாளரா வழங்குநரா சகரா என்று அண்டையர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பங்கு அறிவிப்பு இந்த இடைவெளிக்கானது. காவோ–ரெக்ஸ்ஃபோர்டு விதி நெறிமுறைக்குள் நுழையத் தொடங்கியது அங்கேதான்.

எஞ்சியிருப்பது மென்பொருள் உற்பத்தியாளர்களின் தயக்கம். திறமூல ரவுட்டர் மென்பொருளான எஃப்ஆர்ஆர் தன் 7.4 பதிப்பில் மறுப்பையே இயல்பாக்கிக்கொண்டது. சிஸ்கோவின் இன்னொரு மென்பொருளான ஐஓஎஸ் எக்ஸ்ஆரிலும் அதுவே நடைமுறை. ஜூனோஸ் விருப்பத்தேர்வாக மட்டும் தருகிறது. மென்பொருளை மேம்படுத்திய இரவில் வாடிக்கையாளரின் இணைப்புகள் வழியற்றுப் போகும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கான வழியை ஆர்எஃப்சி 8212இன் பின்னிணைப்பே காட்டுகிறது: முதல் பதிப்பில் பழைய நடத்தையைத் தொடரவிட்டு, 'பாதுகாப்பற்ற நிலை' என்ற வரியை அமைப்புக் கோப்பில் மென்பொருளே எழுதிவிட வேண்டும், அடுத்த பதிப்பில் இயல்பை மாற்ற வேண்டும். அப்போது யாருடைய இணைப்பும் அறுபடாது. எந்தெந்த ரவுட்டர் இத்தனை காலமும் கதவைத் திறந்து வைத்திருந்தது என்பது மட்டும் அதன் கோப்பிலேயே எழுத்தில் இருக்கும்.